முற்றத்தில் இன்னொரு வண்டி

நவம்பர் மாதத்தில் கோபன்ஹேகனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. விடுதி மலிவாகக் கிடைக்கிறதென்று வருகிறவர்கள் ஒரு வகை. தலைநகரத்துக்காரர்கள் எந்த அளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்துத் திருப்தி அடைய வருகிற, நாட்டின் மேற்குப் பக்கத்து யூட்லாந்துக்காரர்கள் இன்னொரு வகை. அன்று ராக்னாவுக்கு வாய்த்தது இரண்டாவது வகை. மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றின் முதியோர் சங்கம், இருட்டோடு ரயிலேறி வந்திருந்தது.

ரயில் நிலைய வாசலில் தூறலில் நின்றாள் ராக்னா. ஒரு கையில் வழிகாட்டிகளின் அடையாளமான சிவப்புக் குடை. இன்னொரு கையில் குழந்தை வண்டி. வண்டிக்குள் ஏழு மாதக் குழந்தை கார்லா, தன்னால் முடிந்த மட்டும் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

வேலைக்குக் குழந்தையைத் தூக்கி வரவேண்டும் என்று யாருக்கும் ஆசை இல்லை. பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குக் காய்ச்சல். கணவன் யெப்பே நடுக்கடலில் காற்றாலை பழுதுபார்க்கப் போய்விட்டான். சுற்றுலா அலுவலகத்திலோ, இன்னொரு முறை கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லியாகிவிட்டது.

"என்னம்மா இது, ரெண்டு வழிகாட்டியா? சின்ன அம்மாவுக்கும் சேர்த்துக் காசு குடுக்கணுமா?" என்றார் முன்னால் வந்த பெரியவர். பெயர் எய்னார், ஓய்வு பெற்ற பன்றிப் பண்ணைக்காரர். சங்கத்தின் கேலிக்கெல்லாம் அவரே பொறுப்பு என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"சின்ன அம்மா பேசறதாவது உங்களுக்குப் புரியும் ஐயா. நான் கோபன்ஹேகன்காரி, நான் பேசறதுதான் புரியாது."

கூட்டம் சிரித்தது. எய்னாரின் மனைவி குட்ரூன் மட்டும் சிரிக்காமல் ராக்னாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ தூங்கி எவ்வளவு நாளாச்சு கண்ணு?"

"இவ பொறந்த அன்னைக்கு முந்தின நாள் தூங்கினதுதான்மா" என்றாள் ராக்னா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. வயிற்று வலியோ, பல் முளைக்கிறதோ, வெறும் பிடிவாதமோ, கார்லா இரவில் தூங்குவதே கிடையாது. படுப்பது, எழுவது, தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, மறுபடி படுப்பது. ராக்னாவுக்கு இப்போதெல்லாம் கண் எரிச்சல்கூட நின்றுவிட்டது. உடம்பு முழுக்க ஈர மணல் நிரப்பியதுபோல ஒரு கனம் மட்டும் இருந்தது.

அரண்மனைச் சதுக்கத்தில் காவல் மாறுவதைக் காட்டினாள். எந்த ராஜா எந்தக் கோபுரத்தைக் கட்டிக் கடன்பட்டான் என்று சொன்னாள். வாய் தானாகப் பேசியது, கால் தானாக நடந்தது, கை தானாக வண்டியை ஆட்டியது. கால்வாய்க்கரைக்கு வந்து சேர்ந்தபோது கார்லா விசும்பி விசும்பி ஒருவழியாகக் கண்ணயர்ந்திருந்தாள்.

அங்கே பழைய கப்பல் முதலாளி ஒருவரின் வீடு இருக்கிறது. இப்போது அது அரும்பொருளகம். வளைவு வாசலுக்குள் நுழைந்தால் கல் பாவிய முற்றம், நாலு பக்கமும் உயர்ந்த மஞ்சள் சுவர்கள். உள்ளே மரத்தரை என்பதால் வண்டிகளை முற்றத்தில்தான் விடவேண்டும். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. இந்த ஊரில் குழந்தைகள் வெளியில்தான் தூங்கும். தாய்மார்கள் உள்ளே காபி குடிப்பார்கள், குழந்தைகள் வாசலில் குளிர்காற்றில் வரிசையாகத் தூங்கும். யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒரு வண்டியில் அழுகை கேட்டால், அந்தப் பக்கம் போகிற எவராவது கைப்பிடியைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார். மூடியை விலக்கி எட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக் கதவைத் திறப்பதற்குச் சமம் அது.

கூட்டம் உள்ளே போனது. ராக்னா தன் வண்டியைத் தாழ்வாரத்தடியில் நிறுத்தப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு வண்டி நின்றது.

பழைய காலத்து வண்டி. ஆள் இடுப்புயரம். பெரிய கம்பிச் சக்கரங்கள், கறுப்பு மெழுகுத்துணி மூடி. பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கும் இளசுகள் நகரத்தில் நிறையப் பேர். ராக்னா அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

அந்த வண்டிக்குள் குழந்தை அழுதது. மெல்லிய, தேய்ந்துபோன அழுகை. வெகு நேரமாக அழுது தொண்டை வற்றிய குழந்தையின் அழுகை.

கார்லா தூக்கத்தில் நெளிந்தாள்.

'ஐயோ, இது இவளையும் எழுப்பிவிடும்' என்றுதான் ராக்னாவுக்கு முதலில் தோன்றியது. சட்டென்று அந்த வண்டியின் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள். கைப்பிடி ஊறிப்போன தோல், கையை உறைய வைக்கும் ஈரம். வண்டிக்குள் ஒரு கனம் அப்படியும் இப்படியும் அசைந்தது. புளித்த பாலும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை வந்தது.

"தூங்குடா தங்கம். நீயாவது தூங்கு" என்று முணுமுணுத்தாள்.

அழுகை அடங்கியது. முற்றம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் ராக்னா இரண்டு வண்டிகளுக்கும் நடுவே சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, யாரிடம் என்றில்லாமல் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஒரு மணி நேரம் இவளை யாராவது வாங்கிக்கிட்டாக்கூடப் போதும். நான் தூங்கிடுவேன்."

பிறகு உள்ளே போனாள்.

மேல்மாடியில் பிள்ளைகளின் அறைக்குப் பக்கத்தில், அலமாரி போன்ற ஒரு சிறிய படுக்கை மாடம் இருந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள் ராக்னா. "முதலாளி வீட்டுக் குழந்தைக்குப் பால் குடுக்க ஒரு செவிலியை வச்சிருந்தாங்க. கிராமத்துலேருந்து வந்த பொண்ணு. ராத்திரி எத்தனை தடவை கூப்பிட்டாலும் எழுந்து வரணும்னு இந்த மாடத்துலதான் அவளுக்குப் படுக்கை. நீட்டிப் படுக்க முடியாது பாருங்க, உட்கார்ந்துக்கிட்டேதான் தூங்கணும்."

"பால் இருந்திருக்குன்னா அவளுக்கும் ஒரு குழந்தை இருந்திருக்குமே. அது எங்கே?" என்று கேட்டாள் குட்ரூன்.

ராக்னா எத்தனையோ தடவை இந்த மாடத்தைக் காட்டியிருக்கிறாள். யாரும் இதைக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியலைம்மா" என்றாள்.

சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள். பழைய கண்ணாடி, வெளியே தெரிவதெல்லாம் நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். முற்றத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். சாம்பல் நிற உடுப்பு, தலையில் துணி, முதுகு இந்தப் பக்கம். ஒரு கை கறுப்பு வண்டியில். இன்னொரு கை கார்லாவின் வண்டியில். இரண்டையும் ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வேறு ஊர்க்காரி என்றால் அலறிக்கொண்டு ஓடியிருப்பாள். ராக்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. 'நான் அவள் பிள்ளையை ஆட்டினேன், அவள் என் பிள்ளையை ஆட்டுகிறாள், நல்ல மனசு' என்று நினைத்தாள். "ரொம்ப நன்றி" என்று கண்ணாடிக்கு மெதுவாகச் சொல்லவும் செய்தாள்.

அந்தப் பெண்ணின் கைகள் ஒரு நொடி நின்றன. பிறகு மறுபடி ஆட்டத் தொடங்கின.

வெளியே வந்தபோது கறுப்பு வண்டி இல்லை. கார்லா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் தளர்ந்து, பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கம். போர்வையின் விளிம்பு கழுத்தடியில் இறுக்கமாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. ராக்னாவுக்கு அப்படி மடிக்கத் தெரியாது.

வாயிலில் சீட்டுக் கிழிக்கும் பெண்ணிடம், "இன்னொரு வண்டி நின்னுச்சே, யாரோடது?" என்று கேட்டாள்.

"இன்னொரு வண்டியா? காலையிலேருந்து உங்க கூட்டத்தைத் தவிர ஒரு ஈ காக்கா வரலையே" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருடையதாவது இருக்கும் என்று ராக்னா விட்டுவிட்டாள். யோசிக்க அவளிடம் தெம்பு இல்லை.

மத்தியானச் சாப்பாடு நிலவறை உணவகம் ஒன்றில். தெருவிலிருந்து படியிறங்கிப் போகவேண்டும். உள்ளே மேசைகளில் மெழுகுவத்தி, வெண்ணெயில் மீன் பொரியும் மணம், தாழ்ந்த கூரை. ஜன்னல்கள் கூரையை ஒட்டி நீளவாட்டில் இருக்கும். அவற்றின் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கார்லாவின் வண்டியை அந்த ஜன்னலுக்கு நேராக மேலே நிறுத்தினாள் ராக்னா. வண்டிக்குள் சின்ன மைக் ஒன்று உண்டு, அதன் ஜோடியான ஸ்பீக்கரை மேசையில் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். குழந்தை சிணுங்கினால் கேட்டுவிடும்.

பரிமாறுகிறவர் ஹென்னிங், ராக்னாவுக்குப் பல வருடப் பழக்கம். "என்ன ராக்னா, செத்துப்போய் நாலு நாள் ஆன மாதிரி இருக்கே" என்றார்.

"நாலு நாளா? அப்போ இன்னைக்குக் கொஞ்சம் தேறியிருக்கேன்."

எய்னார் கறுப்பு ரொட்டியின் மேல் அடுக்கியிருந்த ஹெர்ரிங் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல மீன் இதைவிடப் பெருசு. இது என்ன, மீனோட பேத்தியா?"

"உங்க ஊர் மீனுதான் பெரியவரே. இங்கே வந்து விலைவாசியைப் பார்த்துச் சுருங்கிடுச்சு" என்றார் ஹென்னிங். எல்லோருக்கும் சின்னக் கோப்பைகளில் ஸ்னாப்ஸ் சாராயம் ஊற்றினார். கோப்பையைத் தூக்கி ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

ராக்னா குடிக்கவில்லை. சூடான ரொட்டியும் மெழுகுவத்தி வெளிச்சமும் இதமாக இருந்தன. ஜன்னலைப் பார்த்தாள். தன் வண்டியின் சிறிய ரப்பர் சக்கரங்கள் தெரிந்தன.

பக்கத்தில் இரண்டு பெரிய கம்பிச் சக்கரங்கள்.

அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பாவாடையின் விளிம்பு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. தூறல் எப்போதோ நின்றிருந்தது.

சக்கரங்கள் முன்னும் பின்னும் அசைந்தன. சிறியதும் பெரியதும் ஒன்றாக.

ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வந்தது. கார்லாவின் மூச்சு. அதோடு இன்னொரு மூச்சு, அதைவிடச் சிறியது. பிறகு யாரோ வாயை மூடிக்கொண்டு முனகும் தாலாட்டு, ஏறாமல் இறங்காமல் ஒரே இழுப்பாக.

எழுந்து போகவேண்டும் என்று ராக்னாவுக்குத் தெரிந்தது. உடம்பு கேட்கவில்லை. கையை மேசையில் ஊன்றினாள். கை நழுவியது.

"தூங்கு" என்றது ஸ்பீக்கர், காதோடு சொல்வதுபோல. "நான் பார்த்துக்கறேன்."

அவள் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது தோளில் யாருடைய கம்பளிச் சட்டையோ போர்த்தியிருந்தது. தட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். கிழவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களில் வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. நவம்பரில் மூன்று மணிக்கே பகல் கையைக் கழுவிவிடும்.

ஜன்னலில் சக்கரங்கள் இல்லை.

"பாவம், அசந்து தூங்கினே. எழுப்ப மனசு வரலை" என்றாள் குட்ரூன்.

"கார்லா எங்கே?"

"நான் மேலே போய்ப் பார்த்தேன் கண்ணு. ஒரு பொண்ணு நின்னு ஆட்டிக்கிட்டிருந்தா. 'அம்மா தூங்கறாங்களா'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'அப்போ நான் வட்டக் கோபுரம் வரைக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போறேன்'னா. ராக்னான்னு உன் பேரைச் சொன்னா. அடுத்து நாம அங்கேதானே போறோம். உன் வீட்டு ஆளுன்னு..." குட்ரூன் நிறுத்தினாள். ராக்னாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய முகமும் வெளுத்தது. "உன் ஆளு இல்லையா?"

ராக்னா ஸ்பீக்கரைப் பிடுங்கிக்கொண்டு படியேறி ஓடினாள்.

தெரு ஈரமாகக் கிடந்தது. வேலை முடிந்தவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். யாருடைய முகத்திலும் எதுவும் நடந்த அடையாளம் இல்லை. ஒரு பெண் இரண்டு குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதில் பார்த்து நினைவு வைக்க என்ன இருக்கிறது? வட்டக் கோபுரத்தை நோக்கி ஓட ஓட, கையிலிருந்த ஸ்பீக்கர் உயிர் பெற்றது. தூரமாக இருந்தபோது வெறும் இரைச்சல். நெருங்க நெருங்க, சக்கரத்தின் கீச்சுச் சத்தம்.

கோபுர வாயிலில் இருந்த பெண் ராக்னாவைப் பார்த்துத் திகைத்தாள்.

"இப்பதானே மேலே போனீங்க? ரெண்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு?"

"அது நான் இல்லை."

"உங்களை மாதிரியேதான் இருந்தாங்க" என்றாள் அவள் குழப்பத்தோடு. "முகம் சரியா பார்க்கலை. ஆனா அதே களைப்பு."

அந்தக் கோபுரத்துக்குப் படிகள் கிடையாது. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே செங்கல் பாவிய சரிவுப் பாதை ஒன்று உச்சிவரை சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு காலத்தில் குதிரையே ஏறியிருக்கிறது என்று ராக்னா வாரா வாரம் சொல்லிச் சிரிப்பு வாங்குவாள். எங்கே நின்று பார்த்தாலும் அடுத்த வளைவு வரைதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் சுவர்.

ஏறினாள்.

மேலே எங்கோ சக்கரங்கள் உருண்டன. அவள் நின்றால் அவையும் நின்றன. அவள் ஓடினால் அவையும் ஓடின. எப்போதும் ஒரு வளைவு முன்னால். செங்கல்லில் நாலு ஈரக் கோடுகள் நீண்டு போயின. அவற்றின் நடுவே பாதங்களின் தடம். செருப்பில்லாத பாதங்கள்.

"கார்லா!"

கோபுரம் அந்தப் பெயரைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோனது.

நெஞ்சு எரிந்தது. இத்தனை மாதங்களின் களைப்பும் ஒன்றுகூடி அவளுடைய காலைப் பிடித்துக் கீழே இழுத்தது. உட்கார்ந்துவிடு, ஒரு நிமிடம்தான், அவள்தான் பார்த்துக்கொள்கிறாளே என்றது. அந்த நினைப்பு தன்னுடையதுதானா என்று ராக்னாவுக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள்.

புளித்த பால் வாடை.

ஈரக் கம்பளி வாடை.

ஸ்பீக்கரில் தாலாட்டு நின்றது. நேராகக் காதில் கேட்டது.

வளைவைத் தாண்டியதும், சுவரைக் குடைந்து வைத்த ஜன்னல் மாடம் ஒன்றில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. உடுப்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஷ்ஷ்... ரெண்டு பேரும் இப்பத்தான் தூங்கினாங்க."

ராக்னா தன் வண்டியின் மூடியைக் கிழிக்காத குறையாக விலக்கினாள். போர்வை அழகாக மடித்து வைத்திருந்தது. மைக் இருந்தது. குழந்தை இல்லை.

"என் குழந்தையைக் குடு."

"நீதானே வாங்கிக்கச் சொன்னே."

"ஒரு மணி நேரம்தான் கேட்டேன்!"

"என்கிட்டேயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. ராக்னாவுக்குத் தன் குரலையே கேட்பதுபோல இருந்தது. "கொஞ்ச நாளைக்குத்தான், உன் பிள்ளையை விட்டுட்டு வான்னு சொன்னாங்க."

கறுப்பு வண்டியின் மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. ராக்னா கையை நீட்டினாள். அடுத்தவர் வண்டி. பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம் அந்த நேரத்திலும் கையைப் பிடித்தது. ஒரு கணம்தான். பிறகு மூடியைப் பற்றித் தூக்கினாள்.

உள்ளே பாதி இடத்தில் கார்லா படுத்திருந்தாள். முகம் வெளிறி, உதடு நீலம் பாரித்து, கழுத்தடியில் அந்த மடிப்போடு. மீதிப் பாதியில் யாரும் இல்லை. ஆனால் தலையணையில் ஒரு சின்னத் தலையின் குழி இருந்தது.

ராக்னா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெல்ல நகர்ந்து, கார்லாவின் பக்கம் திரும்பியது.

அவள் குழந்தையை அள்ளித் தூக்கினாள். வரவில்லை. கார்லாவின் வலது கை நீட்டியபடி நின்றது, விரல்கள் எதையோ பிடித்திருந்தன. அல்லது எதுவோ அந்த விரல்களைப் பிடித்திருந்தது. ராக்னா இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது, குழந்தைகளுக்கே உரிய பலத்தோடு.

பிறகு விட்டது.

கார்லா தாயின் மார்பில் விழுந்தாள். பனிக்கட்டியின் குளிர். அசைவு இல்லை. எந்தக் குரல் நிற்கவேண்டும் என்று இத்தனை இரவுகள் தவம் கிடந்தாளோ, அந்தக் குரல் இல்லை.

"அழுடி" என்றாள் ராக்னா. முதுகைத் தேய்த்தாள், பாதத்தைத் தட்டினாள், நெஞ்சோடு சேர்த்துக் குலுக்கினாள். "அழுடி தங்கம், கத்துடி. ராத்திரி பூரா கத்து. நான் தூங்கவே வேண்டாம். எனக்குத் தூக்கமே வேண்டாம். அழு!"

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

கார்லாவின் வாய் கோணியது. ஒரு இழுப்பு மூச்சு. பிறகு வீறிட்டாள். கோபுரம் அடி முதல் நுனி வரை அந்த அழுகையால் நிரம்பியது. ராக்னா அவளோடு சேர்ந்து கதறினாள்.

"எழுப்பிட்டியே" என்றாள் அந்தப் பெண், அலுத்துப்போய்.

கறுப்பு வண்டிக்குள் இன்னொரு அழுகை தொடங்கியது. தேய்ந்துபோன, தொண்டை வற்றிய அழுகை.

ராக்னாவின் வலது கை தானாக அந்தக் கைப்பிடியை நோக்கி எழுந்தது. அழுகிற வண்டியை ஆட்டாமல் போகக் கைக்குத் தெரியவில்லை. விரல்கள் ஈரத் தோலைத் தொடும் தூரத்தில் அவள் கையைப் பறித்துக்கொண்டாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு சரிவில் ஓடினாள். அந்த அழுகை ஒவ்வொரு வளைவாக அவளோடு இறங்கி வந்தது. ஒரு குழந்தையை அழவிட்டுவிட்டுப் போகிறோமே என்ற வருத்தம் அந்தப் பயத்திலும் அவளை அறுத்தது.

கீழே முதியோர் சங்கம் மொத்தமும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. குட்ரூன் அழுதாள். எய்னார் தன் மேல்கோட்டைக் கழற்றித் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் போர்த்தினார். யார் தடுத்தும் கேட்காமல் வண்டியை எடுத்து வரத் தனியாக மேலே போனார். திரும்பி வந்தபோது ஒரு வண்டிதான் கொண்டுவந்தார்.

"மேலே யாரும் இல்லை. ஒரே ஈரம்" என்றார். அதற்குப் பிறகு ரயில் ஏறும்வரை அவர் ஒரு கேலிகூடப் பேசவில்லை.

யெப்பே கடலிலிருந்து திரும்பியதும் ராக்னா நடந்ததைச் சொன்னாள். உணவகத்தில் தூங்கிப்போனதைச் சொன்னாள். யாரோ மனநிலை சரியில்லாத பெண் குழந்தையைக் கொண்டுபோனதாகச் சொன்னாள். அந்த இன்னொரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை ஆட்டியதையும், யாராவது இவளை வாங்கிக்கொண்டால் போதும் என்று கேட்டதையும் எப்படிச் சொல்வாள்? அவன் பாவம், தானும் இரவில் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். இனி கார்லா வீட்டுக்குள்தான் தூங்குவாள் என்று ராக்னா சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

கார்லா தூங்கவில்லை. குளிர்காலம் முழுக்க அழுதாள். ராக்னா ஒவ்வொரு அழுகைக்கும் எழுந்தாள். களைப்பு போகவில்லை, ஆனால் அந்த அழுகை கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் சமையலறை மேசைவரை வந்திருந்தது. உள்ளறைத் தொட்டிலில் கார்லா அழுதுகொண்டிருந்தாள். "வர்றேன்டி, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே ராக்னா பாலைச் சுட வைத்தாள். ரொட்டிக்கடைக்குப் போன யெப்பே, சூடான பன்களோடு படியேறி வந்தான்.

"என்ன இவ்வளவு நேரம்?"

"கீழே நம்ம முற்றத்துல யாரோ ஒரு வண்டியை விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தக் காலத்து வண்டி, சக்கரம் இவ்வளவு பெருசு. உள்ளே குழந்தை தொண்டை வத்திப்போய் அழுதுக்கிட்டிருந்துச்சு, பாவம்." யெப்பே பன் பையை மேசையில் வைத்தான். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "கொஞ்ச நேரம் ஆட்டினேன். உடனே தூங்கிடுச்சு. கைப்பிடிதான் ஒரே ஈரம்."

சூடான பன்னின் மணத்தைத் தாண்டி, அவன் கையிலிருந்து புளித்த பால் வாடை வந்தது.

ராக்னா உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

கார்லாவின் அழுகை நின்றுபோயிருந்தது.